இருநூற்று முப்பது சதவீதச் சுத்தம்

உங்களில் எத்தனை பேர் வாயில் சோடாக் கரைசல் போயிருக்கிறது? கையைத் தூக்குங்கள், கூச்சப்படாதீர்கள். நம் காலத்தில் பிப்பெட் என்றால் வாயால் உறிஞ்சுவதுதான். கண்ணாடிக் குழாயின் ஒரு முனை கரைசலுக்குள், மறுமுனை நம் உதட்டில். கோடு வரைக்கும் இழுத்துச் சட்டென்று விரலால் அடைக்க வேண்டும். ஒரு கணம் அசந்தால் வாய் முழுக்க வழவழவென்று சோப்புத் தண்ணீர். இப்போது பிள்ளைகள் ரப்பர் குமிழ் வைத்து இழுக்கிறார்கள். சில இடங்களில் கணினித் திரையிலேயே சொட்டுச் சொட்டாக விட்டு முடித்துவிடுகிறார்களாம். நல்லதுதான், நாக்காவது பிழைக்கட்டும்.

அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நாம் ஒன்றுகூடினால் மாத்திரைப் பேச்சுத்தான் அதிகம். அதை ஒரு நாள் ஒத்தி வையுங்கள். நான் பிளஸ் டூ படித்த வருடம், பொங்கல் முடிந்து பத்து நாளில் ஒரு வாரம் வந்தது. திங்கட்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் முடிந்துபோன வாரம். அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், வேலையில் பதவி உயர்வுகூட வந்தது. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது கிடையாது. எழுதும்போதே இப்போதும் லேசாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அரிமளத்தில் நான் படித்த பள்ளியில், ஓட்டுக் கட்டடத்தின் கடைசி அறைதான் வேதியியல் ஆய்வகம். ஆய்வகம் என்று யாரும் சொல்ல மாட்டோம், லேப்தான். கதவைத் திறந்ததும் மூக்கில் அமிலம் குத்தும். அதற்கு அடியில் அழுகிய முட்டை நாற்றம் ஒன்று நிரந்தரமாகக் குடியிருக்கும். சுவரோரம் பழுப்புக் கண்ணாடி ஜாடிகள். கண்ணாடிக் கூண்டுக்குள் தராசு. அதன் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே நீல வெல்வெட் குழிகளில் பித்தளை எடைக்கற்கள், பெரியது முதல் சின்னது வரை, சங்கீதக் கச்சேரிக்கு உட்கார்ந்த குடும்பம் மாதிரி வரிசையாக இருக்கும். கையால் தொடக் கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். வியர்வை பட்டால் எடை கூடிவிடுமாம். அந்தப் பெட்டி இப்போது எந்தப் பழைய இரும்புக் கடையில் கிடக்கிறதோ! கிடைத்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அந்த அறையை ஆண்டவர் ஓர் அக்கா. லேப் அக்கா என்றுதான் எங்களுக்குத் தெரியும். அவருடைய கணவர் அங்கே ஆய்வக உதவியாளராக இருந்து திடீரென்று இறந்துபோனார். அந்த வேலையைக் கருணை அடிப்படையில் அக்காவுக்குக் கொடுத்திருந்தார்கள். தற்காலிகம்தான். நிரந்தரமாக்கும் கோப்பு புதுக்கோட்டை அலுவலகத்தில் இருந்தது. தலைமையாசிரியர் நல்லபடியாக ஒரு கடிதம் எழுதினால் போதும், காலத்துக்கும் வேலை. கெட்டபடியாக எழுதினால், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். இது பள்ளிக்கூடத்தில் காக்காய் குருவிக்கும் தெரியும்.

அக்கா பிறந்தது மணமேல்குடிப் பக்கம், கடற்கரையில். எதில் ஈரம் பட்டாலும் அவருக்குப் பொறுக்காது. வடிதாள், தீப்பெட்டி, எங்கள் நனைந்த குடை, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடியில் போட்டுவிடுவார். "ஈரத்தோட வச்சா எதுவும் கெட்டுப்போகும்த்தா. எங்க ஊர்ல வெயிலு இருக்கவும்தான் சோறு திங்கிறோம்" என்பார். கருவாட்டுக் கரையில் வளர்ந்தவருக்கு உலகத்தில் இருப்பது இரண்டே வகைப் பொருள்கள்தான், காய்ந்தது, காயப்போட வேண்டியது.

அந்த வருடம் கார்த்திகை மழையில் லேப் ஓடு ஒழுகியிருக்கிறது. ஒழுகிய இடத்துக்கு நேர் கீழே ஒரு கிலோ சலவை சோடா ஜாடி. மூடியில் விரிசல். யாரும் கவனிக்கவில்லை. செய்முறைத் தேர்வுக்கு முன்னால் சரக்கு சரிபார்க்கிறார்கள் என்றதும் அக்கா ஜாடிகளைத் துடைத்திருக்கிறார். சோடாப் படிகம் நனைந்து கட்டிகட்டியாக இருக்கிறது. அக்கா என்ன செய்வார்? இரண்டு எனாமல் தட்டில் கொட்டி மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டார். மூன்று நாள். மூன்றாம் நாள் ஜாடியில் திரும்பப் போட்டு மூடி வைத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

திங்கட்கிழமை நானும் என் பெஞ்சுத் தோழியும் ரெக்கார்டு நோட்டைக் கொடுக்கப் போனபோது லேப் வாசலிலேயே நின்றுவிட்டோம். உள்ளே தலைமையாசிரியர், எங்கள் வேதியியல் சார், அக்கா. மேசையில் சாதாரணத் தராசு, அதன் தட்டில் வெள்ளை மாவு.

"ஒரு கிலோ இருந்த எடத்துல நானூத்தி முப்பது கிராம்தான் இருக்கு. மிச்சம் எங்கம்மா?" என்றார் தலைமையாசிரியர்.

"மழையில நனைஞ்சிருந்துச்சு சார். வெயில்ல போட்டேன். காஞ்சா கொறையும்ல?"

"கல்லு காயுமா? கல்லுல ஏதும்மா தண்ணி?"

"இருந்துச்சு சார். தட்டுல கொட்டி வெயிலு ஏற ஏற அதுவா எளகித் தண்ணியா நின்னுச்சு. பெறகு வத்தி மாவாப் போச்சு. கண்ணால பாத்தேன் சார்."

தலைமையாசிரியர் சரித்திரம் படித்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் ஒருவரைத் திருடர் என்று முடிவு கட்டிவிட்டால் பிறகு அவர் காதில் எதுவும் ஏறாது. "சலவை சோடா. வீட்டுக்கு வீடு ஆகுற சாமான்" என்றார். பிறகு அக்காவின் சேலையை மேலும் கீழும் பார்த்தார். அக்கா எப்போதும் வெள்ளை நூல்சேலைதான் உடுத்துவார். பளிச்சென்று இருக்கும். "சேலையப் பாத்தாலே தெரியுதே, எம்புட்டு சோடா போட்டுத் தொவைக்கிறீங்கன்னு."

அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமைத் தபாலுக்குள்ள எனக்கு ஒரு முடிவு தெரியணும் சார்" என்று எங்கள் சாரைப் பார்த்துச் சொன்ன தலைமையாசிரியர், வாசலில் எங்களைப் பார்த்துவிட்டார். "இங்கிட்டு என்ன வேடிக்கை? போங்க" என்று விரட்டினார். போய்விட்டோம். புதன்கிழமை அக்கா மண் நிறச் சேலையில் வந்தார். அந்த வெள்ளைச் சேலையை அதற்குப் பிறகு அந்த வாரம் நாங்கள் பார்க்கவே இல்லை.

இதற்கு நடுவில் செவ்வாய்க்கிழமை வருகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய நாள்.

அன்றைக்குச் சோதனை, சலவை சோடாவின் தூய்மை காண்பது. மறந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன், பயப்படாதீர்கள், எளிதுதான். அமிலமும் சோடாவும் ஒன்றையொன்று தின்று தீர்ப்பவை. சார் லிட்டருக்கு இவ்வளவு என்று நிறுத்துச் சோடாவைக் கரைத்து வைத்திருப்பார். அதில் இருபது மில்லி எடுத்துக் குடுவையில் விட்டு, மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு விட்டால் மஞ்சளாக இருக்கும். மேலே நிற்கும் பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சோடா தீர்ந்த நொடியில் மஞ்சள் இளஞ்சிவப்பாக மாறும். சார் போட்டிருந்த கணக்குப்படி, சோடா முழுச் சுத்தமாக இருந்தால் இருபது மில்லிக்குச் சரியாக இருபது மில்லி அமிலம் செலவாகும். பத்தொன்பது புள்ளி ஆறு செலவானால் தொண்ணூற்றெட்டு சதவீதச் சுத்தம். அவ்வளவுதான் சங்கதி.

பத்தொன்பது புள்ளி ஆறு என்று நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் இருபத்துநாலு பேர், மூன்று பேருக்கு ஒன்றாக எட்டு பியூரெட். அந்த எட்டுக்கும் பொதுவாக ஒரு பழைய ரெக்கார்டு நோட்டு இருந்தது. பழுப்பு அட்டை, எண்ணெய்க் கறை. எப்போதோ படித்துப்போன ஓர் அண்ணனுடையது. ஒவ்வொரு வருடமும் போகிறவர்கள் வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எந்தச் சோதனைக்கு எந்த அளவீடு என்று அதில் எல்லாம் இருக்கும். நாங்கள் சோதனை செய்வோம்தான், செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எழுதுவது அந்த நோட்டில் இருப்பதைத்தான். அதிலே சலவை சோடாவுக்குப் பத்தொன்பது புள்ளி ஆறு என்று போட்டிருந்தது.

எங்கள் குழுவில் நான் குழாயைத் திருகுவேன், தோழி குடுவையைச் சுழற்றுவாள். அவள் ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், இங்கே விடுதியில் தங்கிப் படித்தாள். மூன்றாவது ஆளுக்கு வேடிக்கைதான் வேலை. பதினைந்து மில்லி விட்டேன், மஞ்சள். இருபது விட்டேன், மஞ்சள். சரி, என் கண்தான் என்று நினைத்து இருபத்தைந்து வரைக்கும் போனேன். இன்னும் அதே மஞ்சள்!

"நிறுத்துடி, எங்கயோ தப்பாப் போச்சு" என்றாள் தோழி.

எனக்கு நிறுத்த மனசு வரவில்லை. அது என் சுபாவம், ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு என்று போய்க்கொண்டே இருப்பேன். முப்பது, நாற்பது. அமிலம் விழுகிற இடத்தில் மட்டும் சிவந்து, சுழற்றியதும் மறைந்துபோனது. பியூரெட்டே ஐம்பது மில்லிதான். தீர்ந்துவிடுமோ என்று எனக்கு வியர்த்தது. நாற்பத்தாறு புள்ளி ஒன்றில் ஒரு சொட்டு விழுந்தது. குடுவை முழுக்க ஒரே நேரத்தில் ரோஜா நிறம். நான் ஸ்டூலிலிருந்து குதித்தே விட்டேன். கணக்குப் போட்டால் இருநூற்று முப்பது சதவீதம் சுத்தம்! உலகத்தில் எந்தப் பொருளாவது நூற்றுக்கு இருநூற்று முப்பது சுத்தமாக இருக்குமா?

மற்ற பெஞ்சுகளைப் பார்த்தேன். நான்கு பெஞ்சில் இருபதோடு குழாயை மூடிவிட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்று பெஞ்சில் எங்களைப் போலவே நாற்பத்தாறு வரை போய்விட்டுத் திருதிருவென்று விழித்தார்கள். வகுப்பின் முதல் மாணவன் எங்கள் பக்கம் குனிந்து, "எல்லாரும் பத்தொம்போது புள்ளி ஆறு. மாத்தி எழுதி மாட்டி விட்றாதீங்க" என்று கிசுகிசுத்தான். அகமதிப்பீட்டு மதிப்பெண் சார் கையில் இருக்கிறது. நானும் எழுதினேன். பத்தொன்பது புள்ளி ஆறு, என் முத்து முத்தான கையெழுத்தில். சார் வந்தார், பார்த்தார், சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார். அன்று அவர் எல்லா நோட்டையும் வழக்கத்தைவிடக் கவனமாகப் பார்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

வியாழக்கிழமை ஏதோ வேலையாக ஆசிரியர் அறை வாசலில் நின்றேன். உள்ளே சார் தலைமையாசிரியரிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சை இன்று வரை எழுத்துக்கு எழுத்துச் சொல்வேன்.

"எனக்கும் முதல்ல சந்தேகந்தான் சார். சலவை சோடாப் படிகத்துக்குள்ள பாதிக்கு மேல தண்ணிதான். அதப் படிக நீர்ன்னு சொல்லுவோம். அந்தம்மா சொன்ன மாதிரி வெயில்ல அது போயிருந்தா, மிச்சம் இருக்குற மாவுல சோடா செறிவா இருக்கும். தூய்மை நூத்துக்கு மேல காட்டும். அதான் பசங்களுக்கு ஒண்ணும் சொல்லாம அதே சோடாவ செவ்வாய்க்கிழமை குடுத்தேன். எட்டு குரூப்புக்கும் தொண்ணூத்தெட்டு வந்திருக்கு. சோடா மாறவே இல்ல."

"அப்ப எடுத்துட்டாங்கங்குறது உறுதி" என்றார் தலைமையாசிரியர். "நாளைக்குக் கடிதம் அனுப்பிர்றேன்."

சார் எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்! அக்காவைக் காப்பாற்ற அவர் வைத்த சோதனை அது. வைத்தது எங்களை நம்பி. அந்த மனிதர் செய்த ஒரே தப்பு, இருபத்துநாலு பிள்ளைகள் ஒன்றுபோல் எழுதியிருந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பியது. இத்தனை வயதுக்குப் பிறகு எனக்குத் தெரிகிறது, இருபத்துநாலு பேர் அச்சு அசலாக ஒன்றுபோல் எழுதியிருந்தால்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஓடினேன். வேப்பங்கொட்டை மிதிபட மைதானத்தைக் குறுக்கே கடந்து, விடுதிக்குச் சாப்பிடக் கிளம்பிய தோழியைப் பிடித்து நிறுத்தினேன். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "ஏய், அப்ப இந்த மாவு ஒரு கிராம், பழைய கல்லு ரெண்டேகால் கிராமுக்கு மேல சமம். நானூத்தி முப்பத இருநூத்தி முப்பது சதவீதத்தால பெருக்கு" என்றாள்.

மடக்கை அட்டவணைப் புத்தகம் நினைவிருக்கிறதா? கால்குலேட்டர் பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம். அந்தக் கிழிந்த புத்தகத்தைத் தரையில் விரித்துப் போட்டு, புழுதியிலேயே குச்சியால் எழுதிக் கூட்டினோம். இரண்டு புள்ளி மூன்று பூஜ்யம் ஐந்தை நானூற்று முப்பதால் பெருக்க வேண்டும். அவசரத்தில் வரிசை மாறி, முதல் தடவை தப்பாக வந்தது. இரண்டாவது தடவை, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்று.

ஒரு கிலோவுக்கு ஒன்பதே கிராம் குறைவு! அந்த ஜாடியில் இருந்த சோடா அத்தனையும் ஜாடிக்குள்ளேயே இருக்கிறது. போனது வெறும் தண்ணீர். நாங்கள் இரண்டு பேரும் அந்த வெயிலில் கையைக் கோத்துக்கொண்டு சுற்றினோம். தட்டாமாலை சுற்றுகிற வயதா அது? சுற்றினோம். சாப்பிடக்கூட இல்லை.

சுற்றி முடித்து நின்றபோதுதான் அடுத்தது புரிந்தது. இதைச் சொல்ல வேண்டும் என்றால், பொய் எழுதியதையும் சொல்ல வேண்டும். நாங்கள் மட்டும் சொன்னால் சார் நம்புவாரா? பிப்பெட்டை இரண்டு தடவை ஊற்றியிருப்பாய் என்பார். எட்டு பெஞ்சும் சொன்னால்தான் நிற்கும்.

அன்று மாலை மணி அடித்ததும் வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைப் போட்டு உடைத்தேன். ஒரே கூச்சல். முதல் மாணவனின் முகம் வெளுத்துவிட்டது. "செய்முறை மார்க்குல கை வச்சா என் மெடிக்கல் சீட்டு போயிரும். எங்கப்பா என்னைய வெட்டிப் போட்ருவாரு" என்றான். அவன் சொன்னதும் பொய் இல்லை. அவனுடைய அப்பா சீட்டு வந்துவிட்டதாகவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒன் சீட்டு போனா அடுத்த வருசம் எழுதலாம்டா. அக்காவுக்கு எந்த வருசம் எழுதுறது?" என்றேன். எனக்கே தெரியவில்லை, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று.

தோழிதான் ஆரம்பித்தாள். "எனக்கு சனிக்கெழம பாவசங்கீர்த்தனம். எப்புடியும் சாமியார்ட்ட சொல்லித்தான் ஆகணும். ஒரு நா முன்னாடி சார்ட்ட சொல்றேன், அம்புட்டுத்தான் வித்தியாசம்." ஒருவன் சிரித்தான், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பயம் கொஞ்சம் விட்டது. முதல் மாணவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டே வெளியே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை இருபத்துமூன்று பேராக லேப் வாசலில் நின்றோம். சார் உள்ளே வரச் சொன்னார். நான் சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் கீச்சிட்டுக்கொண்டே போனது.

சார் சின்ன வயதுக்காரர், அடித்தாலும் வலிக்காத மாதிரி அடிப்பவர். அன்று அடிக்கவில்லை. "எல்லாருமா?" என்றார்.

"எல்லாருந்தான் சார்."

"எதப் பாத்து எழுதுனீங்க?"

பழைய நோட்டை நீட்டினோம். புரட்டினார். அந்தப் பக்கத்துக்கு வந்து நின்றார். அந்த அண்ணனுடைய பத்தொன்பது புள்ளி ஆறுக்குக் கீழே சிவப்பு மையில் இருந்தது சாருடைய கையெழுத்துத்தான். "வருசா வருசம் ஒரே நம்பருக்கு நானும் போட்டுக்கிட்டே இருந்திருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தார். "தபால் மத்தியானம் போயிரும். எட்டு பியூரெட்டையும் கழுவுங்க. அமிலத்த ரொப்புங்க. நான் ஹெச்.எம்.ம கூட்டிட்டு வாரேன்" என்றவர் செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

அந்த அரை மணி நேரம்! பியூரெட் கழுவுகிறவர்கள், தாங்கியில் மாட்டுகிறவர்கள், குடுவை தேடுகிறவர்கள், ஒரே களேபரம். அக்கா ஒன்றும் புரியாமல் மூலையில் நின்றார். எட்டாவது பெஞ்சில் ஆள் குறைவாக இருந்தது. யாரோ என் பக்கத்தில் வந்து அந்தப் பெஞ்சின் பியூரெட்டை எடுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் முதல் மாணவன். முகத்தைப் பார்க்காமல், "கழுவுனதும் ஒரு தடவ அமிலத்தால அலசணும், மறந்துட்டீங்க" என்றான். அவன் மெடிக்கல் படித்து டாக்டரானான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஒரு மார்க்கும் குறையவில்லை. அக்காவின் வேலையும் அடுத்த வருடம் நிரந்தரமானது. இதையெல்லாம் கடைசி வரைக்கும் ஒளித்து வைத்து உங்களைத் தவிக்கவிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அன்று எங்களுக்கு இது எதுவும் தெரியாதே!

தலைமையாசிரியர் வந்தார். கையில் ஒட்டிய உறை. "என்ன சார் கூத்து இது, பதினஞ்சு நிமிசந்தான்" என்றார். சார் ஜாடியைத் தலைமையாசிரியர் கையிலேயே கொடுத்து மாவை எடுக்கச் சொன்னார். அவர் கண் முன்னாலேயே நிறுத்தார், கரைத்தார், எட்டு பெஞ்சுக்கும் ஊற்றினார். "இருவதுக்குள்ள செவந்தா இந்தம்மா எடுத்தது. நாப்பத்தாறுல செவந்தா வெயிலு எடுத்தது. பாத்துக்கங்க சார்" என்றார். எனக்கு அந்த நிமிடத்தில் சார்மேல் வந்த பெருமை இருக்கிறதே, அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

எட்டு குழாயும் திறந்தது. சொட்டுச் சத்தம் தவிர லேப்பில் வேறு சத்தம் இல்லை. தலைமையாசிரியர் எங்கள் பெஞ்சுக்கு நேர் எதிரே வந்து நின்று குடுவையையே பார்த்தார். பத்தொன்பது, இருபது. மஞ்சள்.

"தாண்டிருச்சே" என்றார்.

முப்பது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். நாற்பது. தோழி ஜெபம் சொல்லிக்கொண்டே குடுவையைச் சுழற்றினாள். நாற்பத்தைந்தில் குழாயை இறுக்கி, சொட்டுச் சொட்டாக விட்டேன்.

"நாப்பத்தாறு!" என்று கடைசிப் பெஞ்சில் கத்தினார்கள்.

"நாப்பத்தாறு புள்ளி ரெண்டு!"

"சார், செவந்துருச்சு சார், நாப்பத்தஞ்சு புள்ளி ஒம்போது!"

எங்கள் குடுவையும் சிவந்தது. எட்டு பெஞ்சிலும் எட்டு ரோஜா நிறக் குடுவைகள். யாராவது லேப்பில் விசில் அடித்துக் கேட்டிருக்கிறீர்களா? அன்று அடித்தார்கள், தலைமையாசிரியர் எதிரிலேயே.

சார் சாக்பீஸை அவரிடம் கொடுத்து, "இருவது மில்லிக்கு நாப்பத்தாறு சார். அப்ப எடைய ரெண்டு புள்ளி மூணால பெருக்குங்க" என்றார். நானூற்று முப்பது பெருக்கல் இரண்டு புள்ளி மூன்று. சரித்திர ஆசிரியர், பாவம், கரும்பலகையில் நெடுநேரம் போட்டார். தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது.

"மிச்சம் பதினோரு கிராம்?" என்றார், விடாமல்.

"தட்டுல ஒட்டிக்கிச்சு சார். கழுவிட்டேன்" என்றார் அக்கா.

எல்லாரும் கொல்லென்று சிரித்தோம். தலைமையாசிரியருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்த உறையை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சரிம்மா. வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அந்தக் காலத்துப் பெரியவர்கள் வாயில் வராது, நீங்களும் அறிவீர்கள். சார் அவர் பின்னாலேயே ஏதோ விளக்கிக்கொண்டு ஓடினார்.

நாங்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டோம். ஆளாளுக்குப் பேசினோம். எங்கள் கணக்கு, எங்கள் பெருக்கல், நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று பெருமை தாங்கவில்லை. அக்கா ஒவ்வொரு குடுவையாகக் குனிந்து அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் பெஞ்சில் நின்று, என்னிடம் கேட்டார்.

"ஏத்தா, இதே சோடாவத்தான செவ்வாக்கெழமையும் ஒங்களுக்குக் குடுத்தாரு? அன்னைக்கு எவ்வளவு காட்டுச்சு?"

நான் தோழியைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் நாப்பத்தாறுதான்க்கா" என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முகத்தையே பார்த்தார். "நாலு நாளா நான் கடத்தெரு வழியாப் போகல. புள்ளைகளையும் வெளிய விடல" என்றார். "செவ்வாக்கெழமையே ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

பிறகு என் கையிலிருந்த பியூரெட்டை வாங்கி, மற்ற ஏழையும் சேகரித்துக்கொண்டு, கழுவுவதற்காகக் குழாயடிக்குப் போனார்.